பதின்வயதுப் பாட்டும் நடுவயதுக் காதும்

பதின்வயதில் மனம் பறிகொடுத்த பாட்டு நடுவயதில் என்னவாக மிஞ்சுகிறது? ரசனை அந்த வயதோடு உறைந்துவிடுகிறது என்பது ஒரு விடை. பழைய நினைவின் மயக்கம், வேறொன்றுமில்லை என்பது இன்னொரு விடை. இரண்டுமே கேட்பவரைத் தனி ஆளாகப் பிரித்துவைத்துப் பேசுகின்றன. சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டாரத்தில் 1980-களில் பாட்டுக் கேட்ட விதத்தை இவ்விடைகள் விளக்கமாட்டா. பலர் சேர்ந்து கேட்டதாலும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதாலுமே அப்பாட்டுகள் இன்றும் வலுவோடிருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுகளிலிருந்து தொடங்கலாம். ஹோல்புரூக், ஷிண்ட்லர் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், 1932 முதல் 1986 வரை வந்த 28 பாடல்களின் துணுக்குகளை 108 பேருக்குப் போட்டுக் காட்டினர். ஒருவருக்கு ஏறத்தாழ 23, 24 வயதிருக்கையில் வெளிவந்த பாடல்களே அவருக்கு மிகவும் பிடித்தன என்பது முடிவு. அதாவது, விருப்பத்தின் உச்சம் பதின்வயதைத் தாண்டி நிற்கிறது. பெட்ர் ஜனாட்டா 2009-ல் மூளைப் படமெடுத்துப் பார்த்தபோது, சொந்த வாழ்க்கை நினைவைக் கிளறும் பாட்டுக்கு முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக வினையாற்றியது. பாட்டு பிடித்திருப்பது வேறு, நினைவைக் கிளறுவது வேறு. இவற்றை ஒன்றாக்கியே ‘ரசனை உறைந்தது’ என்கிறோம்.

கெங்கவல்லி போன்ற ஊரில் அந்நாளில் பாட்டைத் தேர்ந்தவர் பெரும்பாலும் கேட்டவர் அல்லர். கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கி, டீக்கடையில் இலங்கை வானொலி, ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வழியே தம்மம்பட்டி போகும் தனியார் பேருந்து என எங்கும் போடுகிறவர் போட்டதுதான் பாட்டு. 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் இசை இந்த வழிகளில்தான் ஊருக்குள் புகுந்தது. பள்ளிக்கூடம் போகும் பையனும் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் ஒரே பாட்டை ஒரே வளைவில் கேட்டார்கள்.

சொந்தத் தேர்வுக்கு இடம் தந்தது ஒலிநாடா. பாட்டுப் பட்டியலை எழுதிப் பதிவுக் கடையில் கொடுக்க வேண்டும். 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டென்றால் ஆறு அடங்கும், ஏழாவது மூன்றாம் நிமிடத்தில் அறுந்துபோகும். அதே பாட்டை இன்று முழுதாகக் கேட்டாலும் காது அந்த இடத்தில் ஒரு கணம் தடுக்கும். ஒரு பாட்டு முடிந்தால், பட்டியலில் அதற்கடுத்து இருந்தது மனத்தில் தானே தொடங்கும். அந்த நாடாவும் ஒருவரோடு நிற்காமல் கைக்குக் கை சுற்றியது. ஆனால் இந்தப் பொதுமையில் சமத்துவம் இல்லை. பெண்பிள்ளைகள் கடையேறிப் பட்டியல் கொடுப்பது அரிது. அண்ணன் பதிந்துவந்ததே தங்கைக்கும் பாட்டு.

எல்லாம் பழைய நினைவின் மயக்கம்தான் என்போர் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். அப்படியானால், அக்காலத்தில் பிறந்தே இராதவர்களை அப்பாட்டுகள் தொடக்கூடாதே! க்ரம்ஹான்சல், ஜுப்னிக் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்ட 62 பேரின் சராசரி வயது 20. தம் காலத்துப் பாடல்களோடு, பெற்றோர் இளமையாயிருந்த 1980-களின் தொடக்கத்துப் பாடல்களிலும் அவர்களுக்குத் தனி ஈடுபாடு தென்பட்டது. தமிழில் சான்று கண்முன்னே உள்ளது. 1991-ல் வந்த ‘குணா’ படப் பாட்டை 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் எடுத்தாண்டபோது, ‘குணா’ வந்த பிறகு பிறந்தவர்களும் திரையரங்கில் ஆர்ப்பரித்தார்கள். சொந்த நினைவு இல்லாத இடத்திலும் பாட்டு வேலை செய்கிறது. வீட்டிலும் பேருந்திலும் கல்யாணக் கச்சேரியிலும் பெரியவர்கள் அதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததே காரணம்.

ஆக, பதின்வயதுப் பாட்டு பின்னாளிலும் முக்கியம்தான். அந்த முக்கியத்துவத்தை வயது மட்டும் தந்துவிடுவதில்லை. இவ்வாதத்தைச் சோதிக்கவும் வழியுண்டு. இன்று காதுக்கருவியில் தனித்தனியே கேட்டு வளரும் பிள்ளைகளிடம், தனியே கேட்ட பாட்டைவிடப் பள்ளி ஆண்டுவிழாவில் சேர்ந்து ஆடிய பாட்டு நாற்பது வயதில் கூடுதலாக நிலைத்திருக்க வேண்டும். நிலைக்காவிட்டால் இவ்வாதம் தோற்றது. இனி வரும் ஆய்வுகள் ‘எந்த வயதில் கேட்டீர்கள்’ என்பதோடு ‘யாரோடு கேட்டீர்கள்’ என்றும் கேட்டாக வேண்டும்.