பழைய கரைசலில் தெரிந்த புதுப் புள்ளி

உயிரணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவதே புற்றுநோய் என்பதை நேயர்கள் அறிவர். பெருகு என்றும் நில் என்றும் உயிரணுவுக்குள் கட்டளைகளை எடுத்துச் செல்வது யாது, அக்கட்டளை பிறழ்வது எவ்வாறு என ஆராய்ந்த அறிஞருள் டோனி ஹண்டர் ஒருவர். 1943-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, கலிபோர்னியாவிலுள்ள சால்க் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றியவர். அவருடைய ஆராய்ச்சி வாழ்வில் ஒரு கட்டத்தையே நாம் இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம்.

இதன் வேர் 1911-ஆம் ஆண்டில் இருக்கிறது. நியூயார்க்கில் பெய்ட்டன் ரவுஸ் என்பார் கோழியொன்றின் கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி உண்டாயிற்று. வைரஸ் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் என்பதை உலகம் எளிதில் ஏற்கவில்லை. நோபல் பரிசு அவரை வந்தடைந்தது 1966-இல். அப்போது அவருக்கு வயது 87! பின்னர், அவ்வைரஸிலுள்ள கேடு செய்யும் ஜீன், கோழியின் சொந்த உயிரணுவிலிருந்தே கவர்ந்து செல்லப்பட்டது என்பதை 1976-இல் பிஷப், வார்மஸ் முதலியோர் காட்டினர். அந்த ஜீன் ஆக்கும் புரதம் 'கைனேஸ்' என்னும் நொதிகளுள் ஒன்று என்பது 1978-இல் தெரிந்தது.

கைனேஸ் செய்யும் தொழில் யாது? பாஸ்பேட் என்னும் சிறு கூற்றை வேறு புரதங்களின்மீது ஒட்டுவதே. அவ்வாறு ஒட்டப்பட்ட புரதம் பெரும்பாலும் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். விளக்கின் விசையைத் தட்டுவது போன்றது இது. பாஸ்பேட் ஒட்டும் இடங்கள் செரின், திரியோனின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களே என்று அந்நாளில் கருதி வந்தனர்.

1979-இல் ஹண்டரும் அவருடைய கூட்டாளிகளும் பாலியோமா என்னும் மற்றொரு கட்டி வைரஸின் புரதத்தை ஆராய்ந்து கொண்டிருந்தனர். கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏறிய புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைத்து, கரைசலில் நனைந்த மென்தகட்டில் இட்டு, மின்சாரம் செலுத்துவர். ஒவ்வொரு அமிலமும் தன் வேகத்தில் நகர்ந்து, படச்சுருளில் கரும்புள்ளியாகத் தோன்றும். கரைசலின் அமில அளவைக் காட்டும் பீ.எச். எண் 1.9 ஆக இருத்தல் வழக்கம். ஹண்டர் புதுக் கரைசல் கலக்கச் சோம்பிப் பழையதையே மீண்டும் பயன்படுத்தினார். அதன் எண் 1.7 ஆக இறங்கியிருந்தது. எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி தோன்றிற்று!

இச்சோம்பலையே பலரும் சுவையாகப் பேசுவர். நமக்கோ அதன் பின் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. பிழை என்று அத்தகட்டை அவர் எறிந்துவிடவில்லை. டைரோசின் என்னும் மூன்றாவது அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கலாமோ என ஐயுற்று, அப்பொருளைத் தாமே செய்து, அருகில் ஓடவிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. வழக்கமான கரைசலில் அது திரியோனினோடு ஒட்டியே நகர்வதால், அதுவரை ஒருவர் கண்ணிலும் படாமல் மறைந்திருந்தது. ரவுஸ் வைரஸின் கைனேஸும் டைரோசினையே நாடுகிறது என்பதை 1980-இல் அவரும் செஃப்டனும் நிறுவினர். இயல்பான உயிரணுவில் மிக அருகியிருக்கும் இப்பொருள், அவ்வைரஸால் புற்றாக மாறிய அணுவில் எட்டு மடங்கு வரை மிகுந்திருந்தது.

ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கும் இத்தகைய நொதி ஒன்றே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. அந்நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரையைப் பிரையன் டிரூக்கர் நோயாளிகளிடம் சோதித்தார். நாள்தோறும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு இசைவளித்தது. டிரூக்கரும் ஹண்டரும் 2018-இல் தாங் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் இருவர்.

மருந்து பிறந்தது, அது ஏழையின் கைக்கு எட்டுமா என்பது வேறு வழக்காயிற்று. இம்மருந்தின் ஒரு படிக வடிவுக்குக் காப்புரிமை கோரி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் தரப்பட்டது. 2006-இல் அது மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிடவே, இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அம்மாத்திரையைத் தொடர்ந்து செய்து வரலாயின.