தப்பும் மின்சாரக் கித்தாரும்

வலப்பனைப் பகுதித் தோட்டங்களில் முதியவர்களைக் கேட்டால், பொழுது புலருமுன் லயங்களை எழுப்பிய பெரட்டுத் தப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். துரைமாருக்கு அது ஆள் திரட்டும் கருவி. ஆனால் மாசி மாதத்தில் காமன் ஊன்றிவிட்டால், அதே தோலும் அதே குச்சியும் கூத்துக்கு உயிராயின. கூத்தை எல்லோரும் கொண்டாடினர்; தப்படித்தவரையோ, கடல் தாண்டி லயத்துக்கும் வந்து சேர்ந்த சாதி, வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியது.

இந்த முரண்பாட்டை மனத்திற்கொண்டுதான், சென்னையில் எழுந்த ஓர் இசைக்குழுவின் வரலாற்றை நான் நோக்குகிறேன்.

நாட்டார் இசையை மேனாட்டு மின்னிசையோடு பிணைப்பது உலகெங்கும் நடப்பதே. பிரேசிலில் 2008இல் தோன்றிய 'அராண்டு அராகுவா' என்னும் குழு, 'மெட்டல்' எனப்படும் கடுமுழக்க இசையிலே பழங்குடியினரின் துப்பி மொழியில் பாடிற்று. குடியேற்ற ஆட்சி ஒடுக்கிய மொழி அங்கே கித்தாரின் மீதேறி வந்தது. அவ்வோசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்களை நான் அறிவேன். முதலில் நானும் அவர்களில் ஒருவனே.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6ஆம் நாள் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 19 பேர் அதில் இருந்தனர். வட சென்னையின் சாவு வீடுகளிலே வளர்ந்த கானாவும், ராப்பும், பறையும், கித்தாரும் ஒரே மேடையில் நின்றன. அப்பத்தொன்பது பேரில் ஒரே பெண் இசைவாணி. கானா ஆண்களின் தனிச்சொத்தென்று எண்ணியிருந்தோர் அவர் குரலைக் கேட்டுத் திகைத்தனர். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உண்ணும் உரிமை, கோயிலில் பெண்கள் நுழைவு ஆகியவை அவர்களுக்குப் பாடுபொருளாயின. குழுவின் பெயர்கூடப் பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரிலிருந்து பிறந்ததே. அவர் அத்தொடரை அச்சேற்றிய காலத்தில் பறை இழிவின் அடையாளமாகவே எண்ணப்பட்டது.

அக்குழுவில் பாடியவர்களுள் ஒருவர் அறிவு. தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, நிலமேதுமின்றித் தமிழகம் திரும்பியவர் என்று அவர் கூறியிருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மலையக மக்களைச் சரக்குப்போல் பங்கிட்டதை நாம் மறந்துவிடவில்லை. நிலமிழந்த அத்தலைமுறையின் நினைவே 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாடலாகி உலகைச் சுற்றியது.

ஆனால் 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாடலை இயற்றியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அவர் அறிக்கை விட்டார்; அது கூட்டுழைப்பு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மறுமொழி கூறினார். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. உழைத்தவன் ஒருபுறமும் கொண்டாட்டம் மறுபுறமும் நிற்கும் காட்சி மட்டும் எங்கள் மலைக்குப் புதியதாகத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளி விழாக்களில் பிள்ளைகள் இன்றும் அப்பாட்டுக்கு ஆடுகிறார்கள். அது தம் பூட்டிமாரின் கதை என்று அவர்களுக்குச் சொல்ல, ஆசிரியர்களாகிய நாம் எவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.