எண்ணெய் அகழ்வில் நுண்ணங்கிகள்

எண்ணெய்க் கிணறு வற்றிவிட்டது என்பது வழக்கு. உண்மையில், இயற்கை அமுக்கம் தணிந்து, நீரைச் செலுத்தி உந்திய பின்னரும், பெரும்பாலான வயல்களில் எண்ணெயின் அரைப்பங்குக்கு மேற்பட்டது பாறைத் துளைகளிலேயே தங்கிவிடுகின்றது. அதனை நுண்ணங்கிகளாற் பெயர்க்கலாமென 1926இலேயே பெக்மன் என்பார் கருத்துரைத்தார். கலிபோர்ணியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த குளோட் சோபெல், பற்றீரியாக்கள் வாயுவையும் அமிலத்தையும் மட்டுமன்றிப் பரப்பிழுவிசையைக் குறைக்கும் பொருள்களையும் தோற்றுவித்து எண்ணெயை விடுவிக்கின்றன எனக் கண்டு, 1946இல் காப்புரிமை பெற்றார்.

1954இல் ஆர்க்கன்சோ மாநிலத்து லிஸ்பன் வயலில் பற்றீரியாவும் கழிப்பாகும் நிலத்தடியிற் செலுத்தப்பட்டன. எண்ணெய் வரத்து உயர்ந்தது. எனினும், மத்திய கிழக்கின் எண்ணெய் மலிவாகக் கிடைத்த அக்காலத்தில் இம்முயற்சியைப் பொருட்படுத்துவார் அரிதாயினர். 1968இல் யப்பானிய ஆய்வாளர் பிரித்தெடுத்த சேர்பக்றின் நீரின் பரப்பிழுவிசையை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றனிலிருந்து 27 ஆகக் குறைத்தது. ஆற்றலிற் குறையில்லை, உற்பத்திச் செலவே தடையாயிற்று.

இப்பொருள்களின் தெளிவான வெற்றி கிணற்றிலன்றித் தாங்கியின் அடியிலேயே கிட்டியது எனலாம். மசகெண்ணெய்த் தாங்கிகளிற் படியும் கடுஞ்சேற்றைத் தொழிலாளர் உள்ளிறங்கி வாரியகற்றுவதே நெடுங்கால வழக்கம். நச்சாவியும் தீயும் அவர்களுக்கு நிரந்தர அபாயங்கள். குவைத்தில் நுண்ணங்கிப் பொருளைச் சேற்றுடன் கலந்து சுற்றோட்டிய சோதனையில், அதிலிருந்த எண்ணெயின் 90 வீதத்துக்கு மேற்பட்டது மீண்டதாக 1991இல் அறிக்கையிடப்பட்டது. மீட்ட எண்ணெயின் பெறுமதியே துப்புரவுச் செலவை ஈடுசெய்தது.