மகளிர் மருத்துவத்தில் கஞ்சா: சான்றுகளும் அவற்றின் வலிமையும்

முன்னுரை

கஞ்சா என்ற அளவிலே மயக்கமும் தண்டனையும் நினைவுக்கு வருதல் இக்காலத்து இயல்பு. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி அந்நூற்றாண்டு முடியும்வரை, ஐரோப்பிய மருத்துவர் பலர் மகளிர்க்கே உரிய நோய்கள் சிலவற்றுக்கு இதனை மருந்தாக எழுதிக் கொடுத்தனர். இன்று மேலைநாடுகள் சிலவற்றில் கஞ்சாச் சரக்குகளை விற்போர் அப்பழைய வழக்கைத் தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். பண்டை எகிப்தியப் பெண்டிர் கைக்கொண்டனர், விக்டோரியா அரசியாரே உட்கொண்டார், ஆதலின் இது தீங்கற்றது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

அச்சான்றுகளுள் நிலைபெறுவன எவை, வீழ்வன எவை என்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நோவுற்ற பெண்ணொருத்தி மருந்தை நாடுங்கால் அவளுக்குக் கூறப்படும் வரலாறு பிழைபட்டதாயின், அதனால் விளையும் கேடு ஏட்டளவில் நில்லாது அன்றோ?

தொன்மைச் சான்றுகள்

முதற்கண் காட்டப்பெறுவது எகிப்து நாட்டின் ஏபர்ஸ் பப்பைரசுச் சுவடி. இஃது ஏறத்தாழக் கி.மு. 1550-ஐச் சார்ந்தது. செடி ஒன்றைத் தேனுடன் அரைத்துப் பெண்குறியின் உட்புறத்தே இடுமாறு கூறும் குறிப்பொன்று இதன்கண் உண்டு. அச்செடியின் எகிப்தியப் பெயரைக் கஞ்சா எனக் கொள்வார் ஆராய்ச்சியாளர் பலர். ஆயினும் அறிஞர் அனைவரும் அதனை உடன்பட்டிலர். பெயர் ஒன்றின் பொருளை ஊகித்து எழுப்பிய கட்டடம் அப்பெயரளவே உறுதி உடையது.

இரண்டாம் சான்று பொருள்வடிவானது. யெருசலேமுக்கு அண்மையிலுள்ள பெய்த் ஷெமேஷ் என்னுமிடத்துக் கல்லறை ஒன்றில், பதினான்கு அகவை மதிக்கத்தக்க பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் இடுப்பெலும்பினிடையே பிறவாத முழுவளர்ச்சிச் சிசுவின் எலும்புகள் இருந்தன. உடன் கிடைத்த நாணயங்கள் கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அங்கிருந்த கரிந்த பொருளை வேதியியல் முறையாற் சோதித்தபோது கஞ்சாவின் கூறு காணப்பட்டது. 1993-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த இவ்வாய்வு, ஈன முடியாது வருந்திய அவ்விளம்பெண்ணுக்கு வலி தணியவோ பேறு விரையவோ கஞ்சாப் புகை ஊட்டப்பட்டிருத்தல் கூடும் எனக் கருதியது.

கஞ்சா அங்கு எரிக்கப்பட்டது என்பது சான்று. மருந்தாக எரிக்கப்பட்டது என்பது ஊகம். தகுதியான ஊகமேயாயினும், இரண்டையும் ஒன்றாக்குதல் வரலாற்று நெறியன்று. மேலும், அப்பெண் பிழைத்திலள் என்பதும் மறக்கற்பாலதன்று.

கல்கத்தாவிலிருந்து எடின்பரோவிற்கு

ஐயத்திற்கு இடமின்றி ஆவணங்களாற் புலப்படும் வரலாறு இந்திய மண்ணிலே தொடங்குகின்றது. கஞ்சா, பங்கி என்னும் பெயர்கள் நம் நாட்டு மருத்துவர்க்குப் பழகியவை. சார்ங்கதர சங்கிதை என்னும் இடைக்கால வடமொழி மருத்துவ நூல் இதனைக் குறிப்பிடுகின்றது. தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலும் இஃது இடம்பெற்றுள்ளது. 1835-இல் நிறுவப்பெற்ற கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் அயர்லாந்து நாட்டவர், இந்நாட்டு வழக்கை உற்றுநோக்கி, மதுசூதன குப்தர் முதலிய வைத்தியர்களைக் கேட்டறிந்து, விலங்குகளுக்கு முதலில் கொடுத்துச் சோதித்துப் பின்னரே நோயாளிகளுக்கு அளித்தார். தம் முடிவுகளை 1839-இல் வெளியிட்டார்.

அவர் மருத்துவம் செய்தவை வாதவலி, வாந்திபேதி, இசிவு, நாய்க்கடி நோய் முதலியன. மகளிர்க்கே உரிய நோய்கள் அவர்தம் ஆய்வின் மையம் அல்ல. இசிவைத் தணித்து நோவைக் குறைக்கும் என்று அவர் நிறுவிய தன்மையைக் கருப்பை நோய்களுக்கும் ஏற்றிப் பார்த்தவர்கள் அவருக்குப் பின்வந்த பிரித்தானிய மருத்துவர்களே. அவர் இங்கிலாந்திற்கு எடுத்துச்சென்ற சரக்கிலிருந்து இலண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் என்பார் சாரம் வடித்தார். அச்சாரத்தின் வழியே கஞ்சா அந்நாட்டு மருந்தகங்களிற் புகுந்தது.

மகப்பேற்றுக்கு இதனைப் பயன்படுத்தியோருள் எடின்பரோவைச் சார்ந்த அலெக்சாந்தர் கிறிஸ்டிசன் குறிக்கத்தக்கவர். கருப்பையைச் சுருங்கச் செய்தற்கு அக்காலத்தில் பெரிதும் வழங்கியது எர்காட். அது ரை போன்ற கூலங்களிற் பற்றும் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து கிடைப்பது. 1851-இல் எழுதிய கட்டுரையில், கஞ்சாவின் செயல் எர்காட்டினும் விரைந்து தோன்றுகின்றது என்றும், எர்காட்டைப் போல் நீடிப்பதில்லை என்றும் கிறிஸ்டிசன் ஒப்பிட்டுரைத்தார். அடுத்த ஆண்டில் கிரிகர் என்னும் மருத்துவர் தாம் கண்ட பேறுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்பதில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஏழில் கருப்பைச் சுருக்கம் வலுத்தது என்பது அவர் கூற்று. பயன்படாத நிகழ்ச்சிகளையும் மறையாது எழுதிய அவரது நேர்மை பாராட்டற்குரியது.

எனினும் இவ்வேழு நிகழ்ச்சிகளைக் கொண்டு மருந்தின் ஆற்றலைத் துணிதல் இயலாது. பேறு முற்றுங்கால் ஈற்றுநோவு தானாகவே மிகுவது இயற்கை. மருந்து பெறாத பெண்களோடு ஒப்பிட்டு நோக்கினாலன்றி, மிகுந்தது மருந்தினாலா காலத்தினாலா என்று பிரித்தறிய முடியாது. அத்தகைய ஒப்பீடு அந்நாளில் நிகழவில்லை.

பெரும்பாடும் சூதகவலியும்

மாதவிடாயின்போது அளவிறந்து குருதி போதலை நம் மருத்துவர் பெரும்பாடு என்பர். டப்ளின் நகரத்து மகப்பேற்று மருத்துவர் பிளீட்வுட் சர்ச்சில், கருப்பையிலிருந்து பெருகும் குருதியைத் தடுத்தற்குக் கஞ்சாவை 1849-இலேயே பரிந்துரைத்தார். 1883-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பிரௌன், பேத்தோ என்னும் இரு மருத்துவர்கள் பெரும்பாட்டிற்கு இதன் பயனை எழுதினர். பேத்தோவின் பட்டறிவு பெரும்பகுதியும் இந்தியாவிலே பெற்றதாகும். எனவே, இந்தியாவினின்று சென்ற மருந்து, இந்தியாவிற் பணிபுரிந்த மருத்துவரின் சொல்லாலே அங்கு மேலும் ஊன்றியது எனலாம்.

ஈண்டு ஒரு முரண் கருதற்பாலது. ஈற்றின்போதும் பெரும்பாட்டின்போதும் கருப்பையைச் சுருக்குவதாகக் கூறப்பெற்ற அதே மருந்து, சூதகவலிக்கு அக்கருப்பையின் இசிவைத் தளர்த்துவதாகவும் கூறப்பெற்றது. ஒரு பொருள் அளவு வேறுபாட்டால் இருவேறு விளைவு தருதல் உண்டாயினும், அவ்வேறுபாட்டை அம்மருத்துவர்கள் அளந்து காட்டவில்லை. இந்நிலையில் மூன்று பயன்களையும் ஒரே பட்டியலில் அடுக்கி, கஞ்சா மகளிர் நோய் அனைத்திற்கும் மருந்து என்பது பொருந்தாது. வலிதணிவு என்ற ஒன்றே பல மருத்துவர் குறிப்புகளில் ஒருதலையாகக் காணப்படுகின்றது.

அரசியாரைப் பற்றிய செவிவழிச் செய்தி

லான்செட் இதழில் 1890-இல் ஜான் ரசல் ரெனால்ட்ஸ் என்பார் கஞ்சாவின் பயனையும் நச்சுத்தன்மையையும் ஒருங்கே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். சூதகவலிக்கு இதன் பயனை அவர் ஏற்றுரைத்தார். அவர் விக்டோரியா அரசியாரின் அரண்மனைக் குடும்பத்து மருத்துவருள் ஒருவர். இவ்விரு செய்திகளையும் இணைத்து, அரசியார் மாதவிடாய் வலிக்குக் கஞ்சா உட்கொண்டார் என்று பிற்காலத்தார் கதை புனைந்தனர்.

இதற்கு நேர்ச்சான்று யாதும் இல்லை, காலமும் ஒவ்வாது. ரெனால்ட்ஸ் அரண்மனைப் பதவி பெற்றது 1878-இல். அரசியார் பிறந்தது 1819-இல். ஐம்பத்தொன்பது அகவையினர்க்குச் சூதகவலி மருந்து வேண்டா. மகப்பேற்றின்போது அரசியாரின் நோவைத் தணித்தது குளோரோபார்ம். அதனை 1853, 1857 ஆகிய ஆண்டுகளில் ஜான் ஸ்னோ அளித்தார். இதற்கு உறுதியான சான்று உண்டு.

வழக்கொழிந்தமைக்குக் காரணம்

அவ்வளவு பேர் போற்றிய மருந்து வழக்கொழிந்தது ஏன்? சட்டமே காரணம் என்பர் ஒரு சாரார். 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது. 1932-இல் பிரித்தானிய மருந்து நூலினின்றும், 1942-இல் அமெரிக்க மருந்து நூலினின்றும் இது நீக்கப்பட்டது. 1961-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. இவை உண்மையே. ஆயினும் சட்டம் வருமுன்னரே மருந்து தளர்ந்துவிட்டது.

முதன்மையான காரணம் அளவின் நிலையின்மை. ஒரு சரக்கின் சாரம் பயனற்றிருக்கும்; அடுத்த சரக்கின் அதே அளவு நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும். மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்துக என்றும், ஒரே இடத்துச் சரக்கையே பெறுக என்றும் ரெனால்ட்ஸ் வற்புறுத்தியது இதனாலேயே. கஞ்சாப் பிசின் நீரிற் கரையாதது. ஆதலின் மார்பின் போல ஊசிவழிச் செலுத்த ஏலாததாயிற்று. 1899-இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்ததும், அளவு நிலைத்த வலிதணி மருந்து எளிதிற் கிடைத்தது. கஞ்சாவின் மயக்கக் கூற்றைக் கவோனி, மெச்சூலம் என்னும் இஸ்ரேலிய ஆய்வாளர் பிரித்தெடுத்தது 1964-இல்தான். அப்போது அம்மருந்தை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் மறைந்து ஒரு தலைமுறை கடந்திருந்தது.

ஆகவே, பயனற்றது என மெய்ப்பிக்கப்பட்டதனால் இது விலக்கப்பட்டதன்று. பயனுடையது என மெய்ப்பிக்கப்பட்டதனால் போற்றப்பட்டதும் அன்று. ஆராய்ச்சி முற்றுப்பெறுமுன்னரே வழக்கு முடிந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் போதருவன இவை. பண்டைச் சான்றுகள் ஊகத்தின்பாற்பட்டன. அரசியாரைப் பற்றிய செய்தி கொள்ளற்பாலதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் குறிப்புகள் உண்மையானவை. ஆயினும் அவை ஆராய வேண்டிய வினாவை எழுப்புவனவேயன்றி விடை தருவன அல்ல. அக்குறிப்புகளை எழுதியோர் ஆடவர். மருந்துண்ட மகளிர் தாமே எழுதிய சொல் அவற்றில் இல்லை. நோவு தணிந்தது என்று எழுதியவர் நோவுற்றவர் அல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மகப்பேற்றில் இதனைக் கொடுத்த பழைய வழக்கு இன்று சான்றாகவே எடுத்துக்காட்டத்தக்கதன்று. கருவுற்ற காலத்துக் கஞ்சாப் புகைத்தலுக்கும் பிறக்கும் குழந்தையின் எடைக்குறைவுக்கும் தொடர்புண்மையை 2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்களின் அறிக்கை எடுத்துரைத்தது. கருவுற்றோர் இதனைத் தவிர்க்க என அந்நாட்டு மகப்பேற்று மருத்துவர் கல்லூரி அறிவுறுத்துகின்றது. மறுபுறம், 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைமருந்து ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டிற்குரிய பட்டியலினின்று கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்குகளால் நீக்கியது. அதனால் மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி சிறிது அகன்றுள்ளது.

சூதகவலியால் மாதந்தோறும் வருந்தும் மகளிர்க்கு வேண்டுவது பழங்கதையன்று. அளவும் விளைவும் அளந்து காட்டும் ஆராய்ச்சி. கிறிஸ்டிசனும் கிரிகரும் விட்ட இடத்திலிருந்து அதனைத் தொடங்குதல் கூடும். அவர்தம் முடிவுகளைப் பின்பற்றுதல் வேண்டா. கண்டதையும் காணாததையும் ஒருங்கே எழுதிய கிரிகரின் முறையைப் பின்பற்றுதல் வேண்டும்.