ஐபிஎம் தனிக்கணினியும் வன்பொருள் கையேடுகளும்

கணினியின் வன்பொருளை நேரடியாக இயக்கும் நிரலை எழுத நிரல்மொழி அறிவு மட்டும் போதாது. எந்தச் சில்லு எந்த முகவரியில் உள்ளது, அதன் பதிவகத்தில் உள்ள ஒவ்வொரு பிட்டும் எதைக் குறிக்கிறது என்பனவும் தெரிய வேண்டும். இவற்றை முழுமையாக அறிந்தது அதைத் தயாரித்த நிறுவனமே. அந்நிறுவனம் எவற்றை வெளியிட்டது, எவற்றை மறைத்தது என்பது ஒரு கணினியின் வளர்ச்சியையே மாற்றக்கூடும். ஐபிஎம் தனிக்கணினியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

திறந்த கையேடு

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று, இன்டெல் 8088 செயலி கொண்ட தனிக்கணினியை அறிமுகப்படுத்தியது. இதற்கான தொழில்நுட்பக் கையேடு தனியே விற்கப்பட்டது. மின்சுற்று வரைபடங்களும், கணினியைத் தொடக்கி இயக்கும் பயாஸ் மென்பொருளின் மூலநிரலும் விளக்கக் குறிப்புகளுடன் அதில் அச்சாகியிருந்தன. இதனால் பிற நிறுவனங்கள் விரிவாக்க அட்டைகளையும் மென்பொருள்களையும் உருவாக்குவது எளிதாயிற்று.

ஆயினும் மூலநிரலின் பதிப்புரிமை ஐபிஎம்மிடமே இருந்தது. ஆகவே, இணக்கக் கணினி செய்ய விரும்பிய காம்பாக் நிறுவனம் இரு குழுக்களை அமைத்தது. பயாஸ் என்ன செய்கிறது என்பதை ஒரு குழு எழுதிக் கொடுத்தது. மூலநிரலைப் பார்த்திராத மற்றொரு குழு அக்குறிப்பை மட்டும் கொண்டு புதிய நிரலை எழுதியது. அக்கையேட்டைப் படித்தவர் இரண்டாம் குழுவில் சேர முடியாது. காம்பாக் கணினி 1983-இல் விற்பனைக்கு வந்தது.

மறைக்கப்பட்ட பக்கங்கள்

டாஸ் இயங்குதளத்தில் ஆவணங்களில் இடம்பெறாத சேவைகள் பல இருந்தன. ரால்ஃப் பிரவுன் என்பவர் இத்தகைய சேவைகளையும் சேர்த்து, பல நிரலாளர்களின் உதவியுடன் குறுக்கீட்டுப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து இலவசமாக வழங்கினார். அதன் 61-ஆம் வெளியீடு 2000-இல் வந்தது.

1993-இல் வெளிவந்த பென்டியம் செயலியின் கையேடு, சில வசதிகளுக்குப் ‘பின்னிணைப்பு எச்’ என்ற பகுதியைப் பார்க்கச் சொன்னது. அப்பகுதியோ இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருக்கு மட்டுமே கிடைத்தது. மற்றவர்கள் செயலியைச் சோதித்துப் பார்த்தே அவ்வசதிகளுள் சிலவற்றைக் கண்டறிந்தனர்.

இன்றைய நிலை

இன்று இன்டெல் தன் செயலிக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. மாணவர் முதலில் தேட வேண்டியது தயாரிப்பாளரின் இத்தகைய மூலக் கையேட்டையே. அதனுடன் பிழைத்திருத்தக் குறிப்புகளையும் பார்ப்பது அவசியம். ஏனெனில், உண்மையான சில்லு சில இடங்களில் கையேட்டிலிருந்து மாறுபட்டு இயங்கலாம்.