வெட்டிவேர்: பெயரும் பொருளும் நெய்யும்

ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த தமிழ்ச் சொற்களை எடுத்துரைப்போர் கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்பவற்றையே பெரிதும் சுட்டுவர். வெட்டிவேர் என்னும் சொல் அவ்வரிசையில் அத்துணை இடம்பெறவில்லை. ஆயினும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சொல் ஏறத்தாழ நம் ஒலியோடே வழங்குகின்றது. மணப்பொருள் வாணிகத்திலும், அண்மைக் காலத்தில் நறுமண மருத்துவம் என வழங்கும் துறையிலும் அஃது அன்றாடச் சொல்லாகிவிட்டது. அத்துறை நூல்கள் சில, இவ்வேரின் நெய்க்கு 'அமைதி எண்ணெய்' என்னும் பெயர் இந்தியாவிலும் இலங்கையிலும் தொன்றுதொட்டு உண்டு என எழுதுகின்றன. தமிழ் கற்போர் இக்கூற்றைப் படித்துவிட்டு வாளா இருத்தல் தகாது. நம் பெயரால் ஒரு மரபு சொல்லப்படும்போது அம்மரபு உண்டா என நாமே ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் பெயரைக் காண்போம். வெட்டியெடுக்கப்படும் வேராதலின் வெட்டிவேர் ஆயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். எல்லா வேரும் வெட்டியே எடுக்கப்படுதலின், இவ்விளக்கம் இதனைப் பிற வேர்களினின்று பிரித்துக் காட்டவில்லை. தெலுங்கில் இது 'வட்டிவேரு' எனப்படும். அம்மொழியில் 'வட்டி' என்பதற்கு வெறும் என்பது பொருள். தமிழிலும் வெட்டிப்பேச்சு என்புழி வெட்டி அத்தகைய பொருளே தருகின்றது. மேலே உள்ள புல் பயன்படாது வேரே பயன்படுதலின் இப்பெயர் வந்தது எனக் கொள்ளலாமோ எனின், அப்புல் கூரை வேயவும் உதவுதலின் அதுவும் உறுதியன்று. இரு விளக்கமும் ஐயத்திற்குரியனவே.

பழைய ஆட்சியில் வேறு பெயர்களே காணப்படுகின்றன. சிலப்பதிகாரக் கடலாடு காதையில், மாதவி நீராடிய நன்னீரில் ஊறிய பொருள்களை விளக்கப் புகுந்த அடியார்க்கு நல்லார், ஓமாலிகை முப்பத்திரண்டினையும் பெயர் சுட்டி எண்ணுகின்றார். அவ்வெண்ணில் வேரி என்பதும் இலாமிச்சம் என்பதும் தனித்தனியே வருகின்றன. இரண்டும் வெட்டிவேரே எனப் பொருளெழுதிச் செல்லுதல் இன்று வழக்காகிவிட்டது. ஒரே பொருளை முப்பத்திரண்டனுள் இருமுறை எண்ணுதல் உரையாசிரியர்க்கு இழுக்கு. ஆகவே இவை இருவேறு வேர்களாதல் வேண்டும்.

வடமொழி மருத்துவம் இம்முடிவுக்குத் துணை நிற்கின்றது. சுரத்தில் எழும் நீர்வேட்கைக்குச் சரக சங்கிதை கூறும் ஆறுமருந்து நீரில் கோரைக்கிழங்கு, பற்பாடகம், உசீரம், சந்தனம், உதீச்சியம், சுக்கு என்பன சேர்கின்றன. உசீரம் என்பது நாம் பேசும் புல்லின் வேர். உதீச்சியம் என்பது இரீபேரம் எனவும் பெயர்பெறும் வேறொரு மூலிகை. அது துளசிக் குடும்பத்துச் சிறு செடி. அதன் நார்வேரும் மணமுடையது. மலையாளத்தில் இவ்வேறுபாடு மயக்கமின்றி நிற்கின்றது. ஆங்குப் புல்லின் வேர் இராமச்சம் எனவும், சிறு செடியின் வேர் இருவேலி எனவும் வழங்கும். கன்னடத்தின் இலாவஞ்சமும் வடமொழியின் இலாமச்சகமும் இராமச்சத்தோடு ஒத்த சொற்கள் ஆகலின், நம் இலாமிச்சம் புல்லின் வேரையே முதற்கண் குறித்தது எனவும், வேரி என்பது இருவேலியோடு உறவுடைய சிறுசெடியின் வேர் எனவும் துணியலாம். இன்றைய மருந்துப் பட்டியல்களிலோ விலாமிச்சை என்னும் பெயர் பெரும்பாலும் சிறுசெடிக்கே சூட்டப்படுகின்றது. பெயர் இடம்மாறிய காலம் எது என்பது சித்த மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்போர் கருத்திற் கொள்ளவேண்டிய வினா. ஒரு வேருக்கு மற்றொன்று இடப்படின் பிழை சொற்பொருளோடு நில்லாது, நோயாளியின் உடலிலும் சென்று தைக்கும்.

முதல் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலவரிசியும் சண்பக மொட்டும் இலாமச்சமும் இடுதற்குப் பொருள் வைத்த செய்தி காணப்படுகின்றது. ஈண்டும் வேர் நீரில் ஊறுதலே செய்தியாகும். காளிதாசரின் சாகுந்தலத்து மூன்றாம் அங்கத்தில் வெம்மையுற்ற சகுந்தலைக்கு உசீரப் பூச்சு எடுத்துச் செல்லப்படுகின்றது. அங்கு வேர் அரைத்துப் பூசப்படுகின்றது. அயினி அக்பரியோ, மூங்கிற் சட்டத்தில் இவ்வேரைப் பரப்பி நீர் தெளித்துக் கோடையைக் குளிராக்கும் வழக்கத்தை அக்பரின் ஆணையோடு சேர்த்துச் சொல்கின்றது. நம் நாட்டு வீடுகளில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டியும், மண்பானைத் தண்ணீரில் இட்ட வேர் முடிச்சும் இவ்வினத்தனவே. ஊறல், அரைப்பு, காய்ச்சல், தட்டி என்பன பழைய முறைகள். எண்ணெய் என்று சொல்லப்படும் இடங்களிலும், நல்லெண்ணெயில் வேரை இட்டுக் காய்ச்சிய தைலமே பெரும்பான்மை கருதப்படும்.

இன்று நறுமண மருத்துவர் கையாளும் நெய் இதனின் முற்றிலும் வேறு. வேரை வாலையிலிட்டு, நீராவியோடு எழும் மணப்பொருளைக் குளிர்வித்துப் பிரித்தெடுப்பது அது. இதனை அண்மைத் தமிழில் 'அத்தியாவசிய எண்ணெய்' என எழுதுகின்றனர். மூலச் சொல் இன்றியமையாமையைக் குறித்ததன்று. சாரம் என்னும் பொருளது. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிட்டார் போலும். சாரநெய் என்றோ மணநெய் என்றோ கூறுதல் சாலும். தைலத்தையும் மணநெய்யையும் ஒரே சொல்லால் வழங்குதலின், தைலத்துக்குக் கூறிய குணமெல்லாம் மணநெய்க்கும் ஏற்றப்பட்டுவிடுகின்றன. மரபு பற்றிய மயக்கம் இங்குத்தான் தொடங்குகின்றது.

வாலை வடித்தலும் நம் நாட்டிற்குப் புதிதன்று. கன்னோசியில் செப்புப் பாண்டத்தில் வேரை நீரோடு கொதிக்க வைத்து, மூங்கிற் குழாய் வழியே ஆவியைக் கொள்கலத்திற் சேர்க்கும் முறை இன்றும் உள்ளது. அங்குப் பெறும் நெய் 'ரூகசு' எனப்படும். ஆனால் அஃது அத்தர் வாணிகரின் மரபு. கன்னோசி நெய்யும் தென்னாட்டுப் புல்லின் நெய்யும் ஒன்றல்ல என்பதும் குறிக்கத்தக்கது. வடநாட்டில் தானே வளரும் புல் பூத்து விதைவிடும். அதன் நெய் முனைவுற்ற ஒளியின் தளத்தை இடப்புறம் திருப்பும். தென்னாட்டில் பயிரிடப்படும் வகை பெரும்பாலும் விதைப்பதில்லை, பக்கத்தூர்களால் பெருகும். அதன் நெய் வலப்புறம் திருப்பும். உலகெங்கும் சென்றது இத்தென்னாட்டு வகையே. 1998இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தெற்காசியாவிற்கு வெளியே பயிராவன பெரும்பாலும் ஒரே செடியின் வழிப் பெருகியவை எனக் காட்டிற்று. புல்லும் தென்னாட்டது, பெயரும் தென்னாட்டது. இரண்டும் ஒருங்கே கடல் கடந்தன எனக் கருத இடமுண்டு. சாவகத்தார் மட்டும் தம் மொழியில் 'மணவேர்' எனப் பொருள்படும் 'அக்கர் வாங்கி' என்பதனைக் கொண்டனர்.

அந்நெய் மிகத் தடித்தது, எளிதில் ஆவியாகாதது. ஆதலின் வேரைப் பல மணிநேரம், ஒரு நாள் முழுதும் கூட, வடித்தல் வேண்டும். குசிமால், ஆல்பா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் என்பன அதன் கூறுகளுட் சில. பீட்டா வெட்டிவோனுக்கு 1940 அளவில் கூறப்பட்ட அணுவமைப்பு பிழையென 1960களின் பிற்பகுதியிலேயே தெளிந்தது என்பதிலிருந்து, இதன் வேதியியல் எளிதன்று என்பது விளங்கும். விரைந்து ஆவியாகாத இத்தன்மையே பிற மணங்களைப் பிடித்து நிறுத்த உதவுதலின் மணப்பொருள் வல்லுநர் இதனை விரும்புவர். 1957இல் பாரிசின் கார்வென் நிறுவனம் இவ்வேரின் பெயரையே தன் மணநீருக்குச் சூட்டியது.

நறுமண மருத்துவம் என்னும் பெயர் பிரெஞ்சு வேதியியலார் இரெனே மோரிசு கத்தபோசே 1937இல் வெளியிட்ட நூலால் பரவியது. 1964இல் வெளிவந்த சான் வால்நே என்னும் மருத்துவரின் நூல் அதனை மேலும் பரப்பியது. எனவே அத்துறை இருபதாம் நூற்றாண்டுப் பிரான்சில் தோன்றியது. அதற்கு முன்னோரைத் தேடிய பிற்காலத்தார் கீழைநாட்டு மரபுகளை உடன் சேர்த்துக்கொண்டனர். 'அமைதி எண்ணெய்' என்பதற்கு நேரான பெயர் எதனையும் தமிழ் நிகண்டுகளிலோ யான் கண்ட மருத்துவ ஏடுகளிலோ கண்டேனில்லை. அவை இவ்வேருக்குக் கூறுவன குளிர்ச்சியும், தாகம் தணித்தலும், பித்தமும் வெப்பமும் அடக்குதலுமே. உடல் குளிர்ந்தால் உள்ளமும் அமையும் என வாதிப்பாருக்கு, அது வாதமேயன்றிச் சான்றாகாது என்பதே விடை. உறக்கம் தரும் என்னும் கூற்றும் அவ்வாறே. 2016இல் தாய்லாந்து ஆய்வாளர் எலிகளை இந்நெய்யின் மணத்தை நுகரச் செய்தபோது, ஆழ்ந்த உறக்கம் குறைந்து விழிப்பே மிகுந்தது. எலியின் ஆய்வு மனிதர்க்கு முடிவாகாது. எனினும் வெயிலில் வாடியவரைத் தெளிவிக்கும் வேராக இதனைக் கண்ட முன்னோர் கருத்துக்கு, உறக்கமருந்து என்னும் புதுக் கூற்றைவிட இம்முடிவு அண்மையிலுள்ளது.

இனி அறிவியற் பெயர் பற்றி ஒரு குறிப்பு. இப்புல்லை இலின்னேயசு 1771இல் வேறோர் இனத்துள் அடக்கினார். 1822இல் வெளியான 'வெட்டிவேரியா' என்னும் இனப்பெயர், 1801ஆம் ஆண்டளவில் மோரீசுத் தீவிலும் இரீயூனியனிலும் ஆய்ந்த போரி என்பாரின் பெயரோடு வழங்கியது. தமிழ்ச் சொல் இலத்தீன் உருவில் நெடுங்காலம் நின்றது. பின்னர், 1960இல் தொடங்கிய மறு வகைப்பாட்டால் புல் 'கிரைசோபோகான்' இனத்திற்கு மாற்றப்பட, அப்பெயர் வழக்கிழந்தது. 1941இல் கே. சி. சேக்கப் துளசிக் குடும்பத்து மணவேர்ச் செடிக்கு, வெட்டிவேரை ஒத்தது என்னும் பொருள்பட 'கோலியசு வெட்டிவேராய்டிசு' எனப் பெயரிட்டார். ஆதலின் இரண்டனுள் இன்று அறிவியற் பெயரில் நம் சொல்லைத் தாங்கி நிற்பது வெட்டிவேர்ப் புல் அன்று. அடியார்க்கு நல்லார் தனியே எண்ணிய மற்றை வேரின் செடியே.