கல்லீரல் மாற்றுக்கு முன் உடற்பயிற்சிச் சோதனை

கல்லீரல் மாற்று அறுவைக்காகக் காத்திருப்பவரின் இதயமும் நுரையீரலும் தசையும் அதைத் தாங்குமா என்பதை, அவரை மிதிக்கவும் நடக்கவும் நாற்காலியிலிருந்து எழவும் வைத்து அளந்தறியும் சோதனைகள் இவை. நிலைச் சைக்கிளில் செய்யும் இதய-நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனை, 6 நிமிட நடை, கைப்பிடி வலிமை அளவீடு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கல்லீரல் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். அறுவைக்குப் பின் அந்த மனிதர் எழுந்து நடப்பாரா என்பது அதில் தெரியாது. மருத்துவம் இந்த இரண்டாவது கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டது. இடையில் கைவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதனிடம் திரும்பி வந்தது.

அறுவையின் பாரம்

மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்றை அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் 1963 மார்ச் 1 அன்று ஒரு குழந்தைக்குச் செய்தார். ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் அந்தக் குழந்தை அறுவை மேடையிலேயே இறந்தது. 1967இல்தான் அவருக்கு முதல் வெற்றி கிட்டியது. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு பிழைப்போர் தொகை உயர்ந்தது. 1983இல் அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, இது இனிச் சோதனை முயற்சி அல்ல, ஏற்கத்தக்க சிகிச்சை என்று அறிவித்தது.

சிகிச்சை ஏற்கப்பட்டாலும் அதன் பாரம் குறையவில்லை. பழைய கல்லீரலை எடுக்கும்போது கீழ்ப்பெருஞ்சிரையை முழுதாகவோ பகுதியாகவோ கவ்வி அடைப்பதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டெனக் குறைகிறது. புதிய கல்லீரலைத் திறந்துவிடும் கணத்தில் அதிலிருந்து குளிர்ந்த, அமிலத்தன்மை மிக்க, பொட்டாசியம் நிறைந்த ரத்தம் நேராக இதயத்துக்குள் பாய்கிறது. முதல் 5 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து ஒரு நிமிடமாவது அப்படியே நீடித்தால், அதை மறுஓட்ட நோய்க்குறி என்று பிட்ஸ்பர்க் மயக்கவியலாளர்கள் 1987இல் வரையறுத்தனர். இந்த அடியைத் தாங்க இதயத்தில் கையிருப்பு வலு வேண்டும். பிறகு வரும் வாரங்களில் மூச்சுக்கருவியிலிருந்து விடுபடவும் தொற்றை எதிர்க்கவும் தசையில் வலு வேண்டும்.

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் இந்த இரண்டையுமே அரிக்கிறது. நோயாளியின் ரத்தக்குழாய்கள் விரிந்து தளர்ந்திருப்பதால், ஓய்வில் இருக்கும்போதே இதயம் இயல்பைவிட அதிகமாக ரத்தத்தை இறைக்கிறது. இதை கோவால்ஸ்கியும் ஏபல்மனும் 1953இல் அளந்து காட்டினர். ஆகவே படுக்கையில் எடுக்கும் எக்கோவில் இதயம் நன்றாகவே தோன்றும். உழைப்போ அதிர்ச்சியோ வந்து இன்னும் வேகமாக இயங்கக் கேட்டால்தான் அதன் இயலாமை வெளிப்படும். சிரோசிஸ் இதயத்தசை நோய் என்று பெயர் பெற்ற இந்நிலைக்கு 2005இல் மான்ட்ரியலில் கூடிய வல்லுநர்கள் அளவுகோல் வகுத்தனர். ஓய்வில் மறைந்து உழைப்பில் தெரியும் குறையை, உழைக்க வைத்துத்தானே பார்க்க வேண்டும்? இந்தச் சோதனைகளுக்கான மருத்துவக் காரணம் இதுவே.

கைவிடப்பட்ட அளவுகோல்

1964இல் சார்ல்ஸ் சைல்டும் ஜெரமையா டர்காட்டும் சிரோசிஸ் நோயாளிகளை அறுவைக்கு முன் தரம் பிரிக்க 5 அளவைகளை முன்வைத்தனர்: பிலிருபின், அல்புமின், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம், ஊட்டநிலை. கடைசியானது, ஒட்டிய கன்னத்தையும் மெலிந்த தோளையும் கண்ணால் கண்டு மருத்துவர் தரும் மதிப்பு. ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதால், 1973இல் லண்டனில் பியூவும் குழுவினரும் அதை நீக்கி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அந்த இடத்தில் வைத்தனர். அளவீட்டில் ஒழுங்கு வந்தது. நோயாளியின் உடற்கட்டு கணக்கிலிருந்து வெளியேறியது.

2002 பிப்ரவரியில் அமெரிக்கா காத்திருப்போரை வரிசைப்படுத்த மெல்ட் மதிப்பெண்ணுக்கு மாறியபோது இந்த விலகல் முழுமையானது. பிலிருபின், கிரியேட்டினின், ரத்த உறைவைக் குறிக்கும் ஐ.என்.ஆர். என்ற 3 ரத்த அளவுகளே அப்போது அதன் உள்ளீடு. நோய் மிகவும் முற்றியவருக்கு உறுப்பு முதலில் சேர்ந்ததால் அது நியாயமான சீர்திருத்தமே; காத்திருப்போர் இறப்பும் குறைந்தது. ஆனால் ஒரே மெல்ட் எண் கொண்ட இருவரில் ஒருவர் தானாக மாடியேறி வருவார். மற்றவரை இருவர் தாங்கிக் கொண்டுவருவார்கள். அந்த வேற்றுமையை மெல்ட் அறியாது.

வேறு துறைகளில் வளர்ந்த கருவிகள்

உழைக்க வைத்து அளக்கும் கலை கல்லீரல் துறைக்கு வெளியே வளர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் ஏ.வி.ஹில் ஓடுபவரின் மூச்சுக்காற்றைப் பையில் பிடித்து, உடல் உள்வாங்கும் ஆக்சிஜனுக்கு ஓர் உச்சம் உண்டு என்று காட்டினார். நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர் 1929இல் இரண்டு படிகளை ஏறி இறங்க வைத்து இதயத்தைச் சோதித்தார். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட டிரெட்மில் முறைதான், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் இன்றைய டி.எம்.டி. அடுத்த ஆண்டே கார்ல்மன் வாசர்மனும் மெக்கில்ராயும் காற்றிலா எல்லை என்னும் கருத்தை முன்வைத்தனர். உழைப்பு ஏறும்போது ஆக்சிஜனைக் கொண்டு மட்டும் ஈடுகொடுக்க முடியாமல் தசை லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கத் தொடங்கும் புள்ளி அது.

அறுவைக்கு முன் இந்த எல்லையைப் பார்ப்பது பயனுள்ளதென நிறுவியவர் ஆஸ்திரேலியாவின் பால் ஓல்டர். பெரிய வயிற்று அறுவைக்கு வந்த 187 முதியோரை அவர் குழு சைக்கிள் மிதிக்க வைத்தது. 1993இல் வெளியான முடிவு இது: எல்லை கிலோவுக்கு நிமிடத்துக்கு 11 மி.லி. ஆக்சிஜனுக்குக் கீழ் இருந்தோரில் 18 விழுக்காட்டினர் இதயக் காரணங்களால் இறந்தனர். 11ஐ எட்டியோரில் இறப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

கல்லீரல் மையங்களின் கவலை அப்போது இதய ரத்தக்குழாய் அடைப்பில் குவிந்திருந்தது. அடைப்புள்ள நிலையில் மாற்று பெற்ற 32 பேரில் பாதிப்பேர் இறந்ததாக 1996இல் ஓர் ஆய்வு சொன்னதே காரணம். பலரால் டிரெட்மில்லில் ஓட முடியாததால், டோபுடமின் மருந்தை ஏற்றி இதயத்தைத் துரிதப்படுத்தி எக்கோ பார்க்கும் முறை பரவியது. இந்த நோயாளிகளிடம் அது எதிர்பார்த்த அளவுக்கு உதவவில்லை. உணவுக்குழாய் ரத்தநாளங்கள் வெடிக்காமலிருக்க அவர்கள் துடிப்பைத் தாழ்த்தும் புரொப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள். வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85 விழுக்காட்டை அவர்களது இதயம் எட்டுவதே அரிது. எட்டாவிட்டால் சோதனை எதையும் உறுதியாகச் சொல்லாது. ஐயமுள்ளவர்களுக்கு இன்று சி.டி. ஆஞ்சியோகிராமும் வழக்கமான ஆஞ்சியோகிராமும் செய்யப்படுவது இதனால்தான்.

சைக்கிளும் முகமூடியும்

கல்லீரல் நோயாளிகளை முகமூடி அணிவித்து மிதிக்க வைத்து, அறுவைக்குப் பின் 100 நாட்களில் என்ன ஆனது என்று பார்த்த எப்ஸ்டைன் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வு முன்னோடி. இறந்தவர்களின் ஆக்சிஜன் திறன் பிழைத்தவர்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பிரெண்டிஸ் குழு 2012இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. அங்கு மாற்று பெற்ற 60 பேரில் 90 நாட்களுக்குள் 10 விழுக்காட்டினர் இறந்தனர். அவர்களைப் பிழைத்தவர்களிடமிருந்து நன்கு பிரித்தது காற்றிலா எல்லை. பிரிகோடு 9 மி.லி. ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜன் ஏறத்தாழ 3.5 மி.லி. என்பதால், 9 என்பது அதைப்போல் இரண்டரை மடங்குதான், சமதரையில் மெல்ல நடக்கும் அளவு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை 2014இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு, குறைந்த திறன் மாற்றுக்கு முன்பும் பின்பும் இறப்பைக் கூட்டுவதாகக் காட்டியது.

சோதனை நடக்கும் விதம் எளிது. நோயாளி நிலைச் சைக்கிளில் அமர்ந்து மிதிக்க, பெடலின் கனம் சிறுகச் சிறுக ஏறும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் கருவி பதிய, இ.சி.ஜி. கூடவே ஓடும். 10 நிமிடத்தையொட்டி முடிந்துவிடும். காற்றிலா எல்லையின் தனிச்சிறப்பு, அதை எட்ட நோயாளி களைத்து விழும்வரை மிதிக்கத் தேவையில்லை என்பது. மனவுறுதி குறைந்தவருக்கும் துடிப்பைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவருக்கும் அது கிடைத்துவிடும்.

குறைகளும் உண்டு. அளவு உடல் எடையால் வகுக்கப்படுகிறது. வயிற்றில் 10 லிட்டர் நீர் தேங்கியவரின் 10 கிலோ எடை தசையும் அல்ல, கொழுப்பும் அல்ல. அவரது எண் அந்தக் காரணத்தாலேயே தாழும். ரத்தசோகையும் எண்ணைத் தாழ்த்தும். ஆகவே ஒரே எல்லை எண்ணைக் கொண்டு ஒருவரைப் பட்டியலிலிருந்து விலக்குவது தவறு என்றே இக்கட்டுரை கருதுகிறது. மூளைக் குழப்பம் முற்றியவருக்கு இந்தச் சோதனையே இயலாது.

தாழ்வாரமும் நாற்காலியும்

எல்லா மருத்துவமனைகளிலும் இக்கருவி இல்லை. நுரையீரல் நோயாளிகளுக்காக 1982இல் பட்லண்ட் குழு சுருக்கித் தந்த 6 நிமிட நடைக்கு வேண்டியது 30 மீட்டர் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும்தான். அரிசோனாவின் மேயோ கிளினிக்கில் கேரி குழு 2010இல் காத்திருப்போர் 121 பேரிடம் அதைச் செய்து பார்த்தது. 250 மீட்டரைத் தாண்டாதவர்களுக்கு இறப்பு அபாயம் மிகுந்திருந்தது.

நலிவு என்ற கருத்து முதியோர் மருத்துவத்திலிருந்து வந்தது. எடை இழப்பு, சோர்வு, பலவீனமான கைப்பிடி, மெதுநடை, குறைந்த நடமாட்டம் என்ற 5 குறிகளை லிண்டா ஃபிரீட் 2001இல் தொகுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஜெனிஃபர் லாய் இதைக் கல்லீரல் நோயாளிகளிடம் சோதித்து, 2017இல் 536 பேரின் தரவிலிருந்து கல்லீரல் நலிவுக் குறியீட்டை உருவாக்கினார். கருவியை அழுத்தும் கைப்பிடி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 5 முறை எழ ஆகும் நேரம், பாதங்களை 3 விதமாக வைத்து நிற்கும் சமநிலை: இவ்வளவே அதன் உள்ளடக்கம். குறியீடு 4.5ஐ எட்டினால் நலிந்தவர், 3.2க்குக் கீழ் திடமானவர். வெளிநோயாளர் அறையிலேயே சில நிமிடங்களில் முடியும் இதனால், 1973இல் விலக்கப்பட்ட உடற்கட்டு, மருத்துவரின் கண்மதிப்பாக அல்லாமல் எண்ணாகவே திரும்பி வந்தது.

எண்ணை மாற்றுவது

வயதைத் திருத்த முடியாது. தசையைத் திருத்தலாம். இந்தச் சோதனைகளின் பெரும்பயன் இதுவே. முதலில் ஓர் அச்சம் இருந்தது: 1996இல் பார்சிலோனா ஆய்வு, மிதமான உழைப்பே கல்லீரல் வாயிற்சிரை அழுத்தத்தை உயர்த்துவதாகக் காட்டியது. ரத்தவாந்திக்கு அஞ்சி, நோயாளிகளுக்கு ஓய்வே பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஓய்வும் தசையை மேலும் வற்றச் செய்தது. 2014இல் கனடாவின் எட்மன்டனில், நோய் முற்றாத 19 பேரில் ஒரு பகுதியினர் 8 வாரம், வாரத்துக்கு 3 நாள் கண்காணிப்பில் சைக்கிள் மிதித்தனர். அவர்களது ஆக்சிஜன் உச்சம் மிதிக்காதோரைவிட உயர்ந்தது. உடற்பருமனுள்ள சிரோசிஸ் நோயாளிகள் 16 வாரம் உணவுக் கட்டுப்பாட்டோடு மிதமான பயிற்சி செய்தால் வாயிற்சிரை அழுத்தம் குறைவதை 2017இல் ஸ்பெயின் ஆய்வு காட்டியது. உணவுக்குழாயில் புடைத்த பெரிய ரத்தநாளங்களை முன்பே கட்டிவிட்டு, புரதம் குறையாத உணவோடு பயிற்சி தருவது இப்போதைய வழக்கம்.

சென்னை உள்ளிட்ட இந்திய மையங்களுக்கு இது வேறொரு பொருளும் தருகிறது. இந்தியாவில் பெரும்பாலான கல்லீரல் மாற்றுகள், உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தரும் உயிர்க்கொடை மாற்றுகள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு எந்த இரவில் வரும் என்று சொல்ல முடியாது. உயிர்க்கொடையில் நாளைக் குடும்பமும் மருத்துவரும் குறிக்கிறார்கள். நோய் இடம் கொடுத்தால், சில வாரப் பயிற்சிக்கும் உணவுத் திருத்தத்துக்கும் பின் மறுபடி அளந்து பார்த்து அறுவைக்குப் போக முடியும். திடீரெனக் கல்லீரல் செயலிழந்தவருக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை.

உறுப்பு வரிசையில் இந்த அளவுகளுக்கு இன்னும் இடமில்லை. 2023இல் அமெரிக்கா ஏற்ற மெல்ட் 3.0இல் பாலினமும் அல்புமினும் சேர்ந்தன, தசைவலு சேரவில்லை. கைப்பிடி ஒருவர் காட்டும் முயற்சியைப் பொறுத்தது, வேண்டுமென்றே குறைத்துக் காட்டவும் இயலும் என்பது அதற்குச் சொல்லப்படும் தடைகளில் ஒன்று. எனவே அறுவைக்கு யார் தயார், யாருக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்பதை ஒவ்வொரு மையமும் இந்தச் சோதனைகளின் துணையோடு தானே தீர்மானிக்கிறது.